பாட்டு ஏன் தாவுகிறது?

கடையில் வாங்கிய சி.டி. காரில் தங்கு தடையின்றிப் பாடுகிறது. வீட்டுக் கணிப்பொறியில் நாமே பதிவு செய்த சி.டி.யோ அதே காரில் சிறிது தூரம் போனதும் தாவத் தொடங்குகிறது. பாட்டில் ஓரடி காணாமற் போகிறது. சில சமயம் ஒரே சொல் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. சில சமயம் கருவி தகட்டையே வெளியே தள்ளிவிடுகிறது. அந்தத் தகட்டை வீட்டுக்கு எடுத்து வந்து போட்டால் ஒழுங்காகப் பாடுகிறது! இது என்ன விந்தை?

மாணவ நண்பர்களே, இந்த அனுபவம் உங்களில் பலருக்கு ஏற்பட்டிருக்கலாம். இப்போது விற்பனைக்கு வரும் புதிய கார்களில் பெரும்பாலும் சி.டி. கருவி இருப்பதில்லை. ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கார்கள் பல இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் முன்பலகையில் அந்த மெல்லிய வாய் இருக்கத்தான் செய்கிறது. கார்க் கதவின் பையில் நாலைந்து தகடுகளும் இருக்கின்றன.

அந்தத் தகடுகளில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். கடையில் வாங்கிய பாட்டு பழுதானால் வேறு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் வீட்டில் பதிவு செய்த தகட்டில் தாத்தா பாடிய திருப்பாவை இருக்கலாம். அத்தை திருமணத்து நாதஸ்வரம் இருக்கலாம். 1939-இல் தொடங்கிய திருச்சி வானொலி நிலையத்தின் நிகழ்ச்சி ஒன்றை யாரோ டேப்பில் பிடித்து, பின்னர் தகட்டுக்கு மாற்றியது இருக்கலாம். இவற்றுக்கு வேறு படி எங்குமே இல்லாமல் இருக்கலாம். எனவே அந்தத் தகடு தாவத் தொடங்குவது வெறும் தொல்லை அன்று, ஓர் எச்சரிக்கை. அது என்ன எச்சரிக்கை என்று இயற்பியலின் துணைகொண்டு காண்போம்.

ஐந்து கிலோமீட்டர் தடம்

சோனி, பிலிப்ஸ் என்னும் இரு நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய சி.டி. 1982-இல் விற்பனைக்கு வந்தது. அதன் விட்டம் 120 மி.மீ.; கனம் 1.2 மி.மீ. பாலிகார்பனேட் என்ற ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கினால் ஆனது. அதன் மேற்புறத்தில் மெல்லிய உலோகப் பூச்சு. அதற்கும் மேலே காப்புக்காக ஒரு வார்னிஷ் பூச்சு. அதன்மேல்தான் பெயரும் படமும் அச்சிடுகிறார்கள்.

தகட்டில் உள்ள செய்தி ஒரே ஒரு சுருள் தடத்தில் எழுதப்பட்டிருக்கிறது. தடம் உள்ளே தொடங்கி வெளியே முடிகிறது. அடுத்தடுத்த இரு சுற்றுகளுக்கு நடுவே உள்ள தூரம் 1.6 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு தலைமுடியின் அகலத்தில் ஏறக்குறைய நாற்பது சுற்றுகள் அடங்கிவிடும்! 74 நிமிடம் பாடும் தகட்டில் இந்தச் சுருளைப் பிரித்து நேராக நீட்டினால் 5 கிலோமீட்டருக்கு மேல் வரும். திருச்சி மலைக்கோட்டை அடிவாரத்திலிருந்து ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் போகும் வழி கிட்டத்தட்ட அந்த அளவுதான்.

இவ்வளவு நெருக்கமான கோடுகள் இருப்பதை எப்படி நம்புவது? நீங்களே அளந்து பார்க்கலாம். தகட்டைச் சாய்த்துப் பிடித்தால் வானவில் நிறங்கள் தெரிகின்றன அல்லவா? நெருங்கிய கோடுகளில் பட்டுத் திரும்பும் ஒளி, ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு கோணத்தில் வலுப்பெறுமாறு பிரிகிறது. இதற்கு விளிம்பு விளைவு என்று பெயர். திருவானைக்காவலில் 1888 நவம்பர் 7-ஆம் நாள் பிறந்த சர் சி.வி. ராமன், சென்னை மாநிலக் கல்லூரி மாணவராக இருந்தபோதே 1906-இல் வெளியிட்ட முதல் ஆராய்ச்சிக் கட்டுரை இந்த விளிம்பு விளைவைப் பற்றியதுதான்.

சோதனை இதுதான். ஆசிரியரின் மேற்பார்வையில் மட்டும் செய்யுங்கள். லேசர் ஒளியோ அதன் எதிரொளியோ எவர் கண்ணிலும் படக்கூடாது. ஓர் அட்டையின் நடுவில் சிறு துளை இடுங்கள். அதற்கு 50 செ.மீ. தொலைவில் தகட்டை நிமிர்த்தி வையுங்கள். சிவப்பு லேசர் சுட்டியின் ஒளியைத் துளை வழியே செலுத்தி, தகட்டின் வலப்பக்கப் பகுதியில் செங்குத்தாக விழச் செய்யுங்கள். நேராகத் திரும்பும் ஒளி மீண்டும் துளையருகே வந்து சேரும். அட்டையில் துளைக்கு இரு பக்கமும் ஏறக்குறைய 22 செ.மீ. தள்ளி வேறு இரண்டு சிவப்புப் புள்ளிகள் தோன்றும்.

கணக்குப் போடுவோம். 22-ஐ 50-ஆல் வகுத்தால் அது கோணத்தின் டேன்ஜென்ட். கோணம் ஏறக்குறைய 24 பாகை. அதன் சைன் மதிப்பு 0.406. லேசரின் அலைநீளம் 650 நானோமீட்டர். அலைநீளத்தைச் சைன் மதிப்பால் வகுத்தால் கோடுகளின் இடைவெளி கிடைக்கும்: 650 ÷ 0.406 = 1600 நானோமீட்டர், அதாவது 1.6 மைக்ரான். அளவுகோல் ஒன்றைக் கொண்டே கண்ணுக்குத் தெரியாத தடத்தை அளந்துவிட்டோம்!

இன்னும் ஒன்று. இதுவரை எதையும் பதிவு செய்யாத வெற்றுத் தகட்டிலும் இதே நிறங்கள் தெரியும். எழுதுவதற்கு முன்பே கோடு எப்படி வந்தது? பதிவு செய்யும் லேசருக்கு வழி காட்டுவதற்காக, வெற்றுத் தகட்டில் சுருள் வடிவான ஒரு வாய்க்காலைத் தொழிற்சாலையிலேயே பதித்து அனுப்புகிறார்கள். தடம் அவர்களுடையது; எழுத்துத்தான் நம்முடையது.

பள்ளமும் சாயமும்

கடைச் சி.டி.யை அச்சுப்போல அழுத்தி வார்க்கிறார்கள். தடம் நெடுகிலும் சிறுசிறு பள்ளங்கள் பிளாஸ்டிக்கிலேயே உருவாகிவிடுகின்றன. பள்ளத்தின் அகலம் சுமார் அரை மைக்ரான். நீளம் ஏறக்குறைய 0.8 முதல் 3 மைக்ரான் வரை. பள்ளங்களும் அவற்றுக்கு நடுவே உள்ள சமதளங்களும் எத்தனை நீளம் என்பதில்தான் செய்தி அடங்கியிருக்கிறது.

இதைப் படிப்பது 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர். பிளாஸ்டிக்குக்குள் நுழைந்ததும் அந்த அலைநீளம் குறைந்து 500 நானோமீட்டர் ஆகிறது. பள்ளத்தின் ஆழமோ இதில் கால் பங்கை ஒட்டி அமைக்கப்பட்டிருக்கிறது. எனவே பள்ளத்தில் பட்டுத் திரும்பும் ஒளிக்கும் பக்கத்துச் சமதளத்தில் பட்டுத் திரும்பும் ஒளிக்கும், போக கால் அலை, வர கால் அலை என்று மொத்தம் அரை அலை வேறுபாடு உண்டாகிறது. ஒன்றின் முகடும் மற்றதன் அகடும் சேர்ந்தால் என்ன ஆகும்? ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஆகவே பள்ளம் வரும்போது திரும்பும் ஒளி மங்குகிறது. சமதளம் வரும்போது பிரகாசமாகிறது. இந்த ஏற்ற இறக்கத்தையே கருவி படித்துப் பாட்டாக மாற்றுகிறது.

நாம் வீட்டில் பதிவு செய்யும் சி.டி.-ஆர் வகைத் தகட்டில் இத்தகைய பள்ளம் கிடையாது. பிளாஸ்டிக்குக்கும் உலோகப் பூச்சுக்கும் நடுவே ஒரு கரிமச் சாயம் பூசப்பட்டிருக்கிறது. தகட்டின் அடிப்பக்கம் நீலமாகவோ, இளம்பச்சையாகவோ, வெளிர்பொன் நிறமாகவோ தெரிவது இந்தச் சாயத்தினால்தான். கணிப்பொறியில் உள்ள வலுவான லேசர் இந்தச் சாயத்தை அங்கங்கே சுட்டு மாற்றிவிடுகிறது. சுட்ட இடத்திலிருந்து திரும்பும் ஒளி மங்குகிறது. சுடாத இடத்தில் பிரகாசமாகிறது. சாயத்தின் கறை, பள்ளத்தைப் போல நடிக்கிறது என்று சொல்லலாம்.

நடிப்பு நன்றாக இருந்தால் கருவிக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் கறையின் விளிம்பு, வார்த்த பள்ளத்தின் விளிம்பைப் போல எப்போதும் கூர்மையாக அமைவதில்லை. சாயத்தின் தரம், பூச்சின் சீர்மை, எழுதும் லேசரின் வலிமை, எழுதிய வேகம் இவை எல்லாவற்றையும் பொறுத்து அது கூடும், குறையும். அழித்து அழித்து எழுதக்கூடிய சி.டி.-ஆர்டபிள்யூ என்ற வகையிலோ நிலைமை இன்னும் கடினம். வார்த்த தகடு தன்மேல் விழும் ஒளியில் 70 விழுக்காடு அல்லது அதற்கு மேல் திருப்பி அனுப்புகிறது; இந்த வகை 15 முதல் 25 விழுக்காடுதான் அனுப்பும். பழைய கார்க் கருவிகள் பல அதைப் படிக்கவே மறுத்துவிடும்.

மிதக்கும் லென்ஸ்

இப்போது படிக்கும் கருவியைப் பார்ப்போம். தகடு உட்புறத்தைப் படிக்கும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 500 முறையும், வெளி விளிம்பில் சுமார் 200 முறையும் சுழல்கிறது. எவ்வளவு நல்ல தகடும் சுழலும்போது சிறிது மேலும் கீழும் ஆடும். நடுத்துளை மயிரிழை விலகியிருந்தால் பக்கவாட்டிலும் அசையும். ஆனால் லென்ஸ் தன் ஒளிப்புள்ளியைத் தகட்டின் உலோகப் பூச்சின்மேல் ஓரிரு மைக்ரான் பிசகாமல் குவிக்க வேண்டும். தடத்தின் நடுவிலிருந்து ஒரு மைக்ரான் விலகினாலே அடுத்த சுற்றுக்குப் போய்விடும்!

இதற்காக லென்ஸை மெல்லிய கம்பிகளில் தொங்கவிட்டு, சுருள்களும் காந்தமும் கொண்டு அசைக்கிறார்கள். ஒலிபெருக்கியின் கூம்பு எப்படி அசைகிறதோ அதே தத்துவம்தான். திரும்பி வரும் ஒளியைப் பார்த்து, குவியம் விலகுகிறதா, தடம் விலகுகிறதா என்று மின்சுற்று கணத்துக்குக் கணம் கண்டறிகிறது. உடனே சுருளில் மின்னோட்டத்தை மாற்றி லென்ஸைச் சரியான இடத்துக்கு இழுக்கிறது. வரப்பின்மேல் சைக்கிள் ஓட்டுபவன் விநாடிக்கு விநாடி கைப்பிடியைத் திருத்திக்கொண்டே போவதைப் போல.

இங்கே ஒன்றை நன்றாகக் கவனியுங்கள். தடத்தைப் பின்தொடர்வதற்கும் அந்தத் திரும்பி வரும் ஒளியேதான் வழிகாட்டி. ஒளி மங்கினால் எழுத்து மட்டும் மங்குவதில்லை, பாதையும் மங்கிவிடுகிறது. வரப்பே சரியாகத் தெரியாத அந்தி நேரத்தில் ஒரு கல் தட்டினால் சைக்கிள் வயலில் இறங்கிவிடும் அல்லவா? பாட்டு தாவுவது இதுதான். லென்ஸ் தடத்தை விட்டு நழுவி வேறொரு சுற்றில் போய் விழுகிறது.

சிறு கீறலுக்கும் தூசிக்கும் கருவி அவ்வளவாக அஞ்சுவதில்லை. ஒலியை எண்களாக மாற்றி எழுதும்போதே, சில எண்கள் தொலைந்தாலும் மீட்டுக்கொள்ளும்படி கூடுதல் எண்களைச் சேர்த்து, தடத்தில் கலைத்துப் பரப்பிவிடுகிறார்கள். இதனால் தடத்தின் நீளவாக்கில் சுமார் 2.5 மி.மீ. வரை முற்றிலும் அழிந்தாலும் பாட்டைக் குறைவில்லாமல் மீட்க முடியும். தகட்டை ஏன் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாகத் துடைக்கக் கூடாது என்பது இப்போது விளங்கும். நேராக விழுந்த கீறல் ஒவ்வொரு சுற்றையும் ஒரு புள்ளியில் மட்டும் வெட்டும். வட்டமாக விழுந்த கீறலோ தடத்தோடு சேர்ந்தே ஓடி, 2.5 மி.மீ. எல்லையைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

காவிரிப் பாலத்தில் ஒரு தேர்வு

திருச்சியையும் ஸ்ரீரங்கம் தீவையும் இணைக்கும் காவிரிப் பாலம் 1976-இல் திறக்கப்பட்டது. கான்கிரீட் வெயிலில் விரியும், இரவில் சுருங்கும். 30 மீட்டர் நீளமுள்ள தளம் 20 பாகை வெப்பம் கூடினால் 6 அல்லது 7 மி.மீ. நீளும். இதற்காகத் தளங்களுக்கு நடுவே இடைவெளி விட்டு இணைக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் வண்டிகள் ஓடிய பிறகு இந்த இணைப்புகள் தேய்ந்து, ஒவ்வொன்றிலும் சக்கரம் ‘தட்’டென்று விழும். இந்த இணைப்புகளைப் பழுது பார்ப்பதற்காகவே 2022-இன் பிற்பகுதியில் பாலத்தை மூடி, 2023 மார்ச்சில் மீண்டும் திறந்தார்கள்.

பாலத்தின்மேல் போகும்போது வீட்டுத் தகடு தாவுகிறது என்று வைத்துக்கொள்வோம். குற்றவாளி யார்? பாலமா? அப்படியானால் கடைத் தகடும் தாவ வேண்டுமே. தகடா? அப்படியானால் வீட்டிலும் தாவ வேண்டுமே. கார்க் கருவியா? அது கடைத் தகட்டை நன்றாகப் படிக்கிறதே. மூவரும் நிரபராதிகள் போலத் தெரிகிறது!

இதற்கு விடை உங்கள் தேர்வு மதிப்பெண்ணில் இருக்கிறது. தேர்ச்சிக்கு 35 வேண்டும். கடைத் தகடு 90 மதிப்பெண்ணோடு தேர்வுக்கு வருகிறது என்று ஓர் எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸில் படிந்த தூசி 15 குறைக்கிறது. பாலத்தின் அதிர்ச்சி 15 குறைக்கிறது. மே மாத வெயில் 10 குறைக்கிறது. மீதி 50, தேர்ச்சி. வீட்டுத் தகடோ 60 மதிப்பெண்ணோடுதான் வருகிறது. வீட்டில் அதிர்ச்சியும் இல்லை, வெயிலும் இல்லை; எனவே தேறிவிடுகிறது. காரில் அதே 40 குறைந்தால் மீதி 20. தோல்வி! எந்த ஒரு காரணமும் தனியாகத் தோற்கடிக்கவில்லை. எல்லாம் சேர்ந்து கையிருப்பைத் தீர்த்துவிட்டன.

மதிப்பெண்ணைக் குறைக்கும் காரணங்கள் நம் ஊரில் நிறைய உண்டு. ஆடி மாதக் காற்றில் காவிரி மணலின் நுண்தூசி காருக்குள் வருகிறது. முன்பலகையில் உள்ள பிள்ளையாருக்கு ஏற்றும் ஊதுபத்தியின் புகை லென்ஸின்மேல் மெல்லிய படலமாகப் படிகிறது. கத்திரி வெயிலில் மூடி நிறுத்திய காரின் உட்புறம் 60 பாகை செல்சியஸைக்கூடத் தாண்டும். சூடேறிய அரைகடத்தி லேசர் அதே மின்னோட்டத்துக்குக் குறைந்த ஒளியையே தரும். ஈடுகட்ட மின்னோட்டத்தைக் கூட்டும் சுற்று கருவியில் உண்டு. ஆனால் பழைய லேசரில் அந்த ஈடும் ஓர் எல்லைக்கு வந்துவிடும். மார்கழிக் காலையில் ஈரக்காற்று குளிர்ந்த லென்ஸில் பட்டுப் பனியாகப் படிவதும் உண்டு. இது சற்று நேரத்தில் தானே உலர்ந்துவிடும்.

துப்பறியும் முறை

காரணங்கள் பலவாக இருக்கும்போது அவற்றைப் பிரித்தறிவது எப்படி? அறிவியலில் இதற்கு ஒரு பொன்விதி உண்டு: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்ற எல்லாவற்றையும் அப்படியே வை. ஒரு நோட்டுப் புத்தகமும் கடிகாரமும் போதும். ஓட்டுபவர் சாலையைக் கவனிக்கட்டும். குறிப்பு எடுப்பது உங்கள் வேலை.

முதற் சோதனை: காலை வெயில் ஏறுமுன், நிற்கும் காரில் வீட்டுத் தகட்டைப் போடுங்கள். தாவும் இடத்தை நிமிடம், விநாடியோடு குறியுங்கள். மீண்டும் போடுங்கள். அதே இடத்தில் தாவினால் தகட்டில் அந்த இடத்தில் கீறலோ மங்கலோ இருக்கிறது. கடைசிப் பாட்டுகளில் மட்டும் தாவினால் விளிம்புப் பகுதி பழுது என்று கொள்ளலாம்.

இரண்டாவது சோதனை: நிற்கும்போது தாவாத தகட்டை ஓடும் காரில் போடுங்கள். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம் என்பது விநாடிக்கு 10 மீட்டர். சாலையின் இணைப்புகள் 30 மீட்டருக்கு ஒன்று என்றால் 3 விநாடிக்கு ஓர் அதிர்ச்சி வரும். தாவலும் அதே தாளத்தில் வந்தால் காரணம் அதிர்ச்சி. சில கருவிகள் சில விநாடிப் பாட்டை முன்கூட்டியே படித்து நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். அவற்றில் தாவல் சற்றுத் தாமதித்து வரும் என்பதை மறவாதீர்கள்.

மூன்றாவது சோதனை: அதே சாலையில், அதே வேகத்தில் கடைத் தகட்டைப் போடுங்கள். அதுவும் தாவினால் கருவியின் லென்ஸோ அதன் தாங்கிகளோ பழுதுபட்டுள்ளன. கடைத் தகடு தேறி, வீட்டுத் தகடு மட்டும் தோற்றால் மதிப்பெண் குறைவு தகட்டில்தான்.

நான்காவது சோதனை: முதல் பத்து நிமிடம் ஒழுங்காகப் பாடி, அரை மணிக்குப் பிறகு தாவத் தொடங்குகிறதா? தகட்டை மாற்றினாலும் அப்படியேவா? அப்படியானால் வெப்பத்தைச் சந்தேகியுங்கள்.

கருவியின்மேல் சந்தேகம் விழுந்தால் அதை நீங்கள் திறக்க வேண்டாம். 780 நானோமீட்டர் ஒளி கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாது. தெரியாததனாலேயே அது கண்ணுக்கு அபாயம். கார் ஸ்டீரியோ பழுது பார்ப்பவரிடம் விட்டுவிடுங்கள்.

மறுபடி பதிவு செய்யும்போது

தகட்டில்தான் குறை என்று தெரிந்தால், அதே பாட்டுகளை வேறு தகட்டில் பதிவு செய்து பாருங்கள். இங்கும் பொன்விதி பொருந்தும்.

வேகத்தை மாற்றிப் பாருங்கள். பாட்டு ஓடும் வேகத்தில் எழுதினால், மிகச் சிறிய கறையை உண்டாக்க லேசருக்கு ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைவிடச் சற்றே குறைந்த நேரம் கிடைக்கிறது. 52 மடங்கு வேகத்தில் எழுதினால் அந்த நேரமும் 52-இல் ஒரு பங்காகிவிடும். தகடு நிமிடத்துக்குப் பத்தாயிரம் முறை சுழன்று அதிரவும் செய்யும். அவசரமாக எழுதிய கையெழுத்து கோணலாவதைப் போலக் கறையின் விளிம்பும் கோணலாகலாம். அதற்காக மிக மிக மெதுவாக எழுதுவதும் சரியன்று. பிற்காலத்துத் தகடுகளின் சாயம் வேகமான எழுத்துக்கென்றே அமைக்கப்பட்டது. 16 மடங்கு போன்ற நடுத்தர வேகம் பெரும்பாலும் பொருந்தும்.

அடுத்து நீளம். 80 நிமிடத் தகடுகளில் தடத்தின் சுற்றுகள் 74 நிமிடத் தகட்டைவிட நெருக்கமானவை. விளிம்பில் தகட்டின் ஆட்டமும் அதிகம். பழைய கருவிக்குப் பதிவு செய்யும்போது விளிம்பு வரை நிரப்பாமல் ஓர் அறுபது நிமிடத்தோடு நிறுத்துங்கள்.

பாட்டை எந்த வடிவில் எழுதுகிறோம் என்பதும் முக்கியம். எம்.பி.3 கோப்புகளாக எழுதினால் அதை அறிந்த கருவி மட்டுமே படிக்கும். பழைய கருவிக்கு ஆடியோ சி.டி. என்ற வடிவமே ஏற்றது. பதிவின் முடிவில் தகட்டை ‘ஃபைனலைஸ்’ செய்து முடித்து வைக்கவும் வேண்டும். இல்லாவிட்டால், பாட்டு எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் அட்டவணையே தகட்டில் இராது.

மேற்புறத்தில் காகிதம் ஒட்டாதீர்கள். சற்றே கோணலாக ஒட்டினாலும் எடை ஒரு பக்கம் சாய்ந்து தகடு அதிரும். பந்துமுனைப் பேனாவால் அழுத்தி எழுதவும் கூடாது. அடிப்புறத்தில் 1.2 மி.மீ. பிளாஸ்டிக் காவல் இருக்கிறது. மேற்புறத்தில் செய்திக்கும் உங்கள் பேனாவுக்கும் நடுவே இருப்பது மெல்லிய வார்னிஷ் மட்டுமே!

எச்சரிக்கை எது?

இப்போது தொடக்கத்தில் சொன்ன எச்சரிக்கைக்கு வருவோம். வார்த்த பள்ளம் பிளாஸ்டிக்கின் வடிவம். அது எளிதில் மாறாது. சாயமோ வேதிப்பொருள். எந்த லேசர் ஒளியின் வெப்பம் அதைச் சுட்டு எழுதியதோ, அதே வேலையை வெயிலின் ஒளியும் வெப்பமும் மெல்ல மெல்ல, தகடு முழுவதிலும் செய்கின்றன. துணியின் சாயம் வெயிலில் வெளுப்பதை நீங்கள் அறிவீர்கள். காரின் முன்பலகையில் கிடக்கும் தகட்டுக்கும் அதே கதிதான். சுட்ட இடத்துக்கும் சுடாத இடத்துக்கும் உள்ள வேறுபாடு ஆண்டுதோறும் குறைகிறது. 60 மதிப்பெண் 55 ஆகிறது, 50 ஆகிறது. வீட்டில் தேறும் வரை நமக்கு இது தெரிவதில்லை. கடினமான தேர்வாகிய கார்தான் முதலில் காட்டிக் கொடுக்கிறது.

எனவே, போன ஆண்டு வரை காரில் பாடிய வீட்டுத் தகடு இந்த ஆண்டு தாவினால், அதைத் திட்டித் தூக்கி எறியாதீர்கள். அதை முதலில் நிழலுக்குக் கொண்டு வாருங்கள். பிறகு கணிப்பொறியில் போட்டுப் படி எடுங்கள். காரில் தாவும் தகடு கணிப்பொறியில் பெரும்பாலும் பிழைத்துவிடும். ஏனென்றால் கார்க் கருவி ஓடுகிற பாட்டை நிறுத்த முடியாது. ஓரிடம் தவறினால் அதை விட்டுவிட்டு மேலே போக வேண்டியதுதான். கணிப்பொறிக்கு அந்த அவசரம் இல்லை. தவறிய இடத்தைப் பத்து முறை, இருபது முறை திரும்பத் திரும்பப் படித்து, ஒத்துவரும் விடையை எடுத்துக்கொள்ளும். ஒரு கணிப்பொறி படிக்கவில்லை என்றால் வேறொன்றில் முயலுங்கள். லென்ஸுக்கு லென்ஸ் திறன் மாறுபடும்.

படி எடுத்ததும் அதை இரண்டு வெவ்வேறு இடங்களில் வையுங்கள். இரண்டும் ஒரே அலமாரியில் இருந்தால் அது இரண்டாகாது. ஆண்டுக்கு ஒருமுறை திறந்து கேட்டுப் பாருங்கள். முடிந்தால் எம்.பி.3 ஆகச் சுருக்காமல் முழு அளவிலும் ஒரு படி வைத்துக்கொள்ளுங்கள்; சுருக்கும்போது விட்டுப்போன ஒலியைப் பின்னால் மீட்க வழியில்லை.

காலம் தாழ்த்த வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு காலத்தில் நம் நாட்டில் வெற்றுத் தகடுகளைப் பெருமளவில் தயாரித்து உலகெங்கும் அனுப்பிய மோசர் பேயர் நிறுவனம், 2018-இல் கலைப்புக்கு உள்ளாயிற்று. புதிய கணிப்பொறிகள் பலவற்றில் தகடு போடும் வாயே இல்லை. தகடு மங்கும் வேகம் ஒருபுறம் இருக்க, அதைப் படிக்கும் கருவிகளும் குறைந்துகொண்டே வருகின்றன.

இந்த வாரமே உங்கள் வீட்டிலும் காரிலும் உள்ள தகடுகளை எடுத்து இரண்டாகப் பிரியுங்கள்: அடிப்புறம் வெள்ளி நிறமாக மட்டும் இருப்பவை ஒரு பக்கம், நீலம், பச்சை, பொன் சாயல் தெரிபவை மறு பக்கம். இரண்டாவது அடுக்கில் ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது, யாருடைய குரல் இருக்கிறது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். வேறு எங்கும் கிடைக்காதது எது என்று கண்டுபிடித்து, அதிலிருந்து படி எடுக்கத் தொடங்குங்கள்.